‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பியது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகள் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். பதின்வயதினரிடையே கஞ்சாப் பழக்கம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம். ஃபைலுக்குள் பத்திரிகைச் செய்திகள், ஒரு தேசிய ஆய்வறிக்கையின் சில பக்கங்கள், வெள்ளைக்காரன் காலத்து அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்த பிரிண்ட் அவுட்.

“மாமா, ஒண்ணு கஞ்சா பைத்தியமாக்கும்ணு சொல்லுது. இன்னொண்ணு அப்படியெல்லாம் இல்லைண்ணு சொல்லுது. ரெண்டுமே கவர்மெண்டு ரிக்கார்டுதான். எதை எடுக்க?”

“ரெண்டையும் எடு மக்கா. ஆனா யாரு எழுதுனா, எதுக்கு எழுதுனாண்ணு பாத்துட்டு எடு.”

சொல்லிவிட்டேனே தவிர, அதை விளக்க ஒரு பகல் முழுக்க ஆனது. அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெயின் என்ற உறுப்பினர் இந்தியாவின் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். தீவிரமான மதுவிலக்குக்காரர். அதன் விளைவாக அந்த ஆண்டு ஜூலையில் இந்திய கஞ்சா விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் மேக்வொர்த் யங். உறுப்பினர்கள் ஏழு பேர், அதில் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி 1894இல் அறிக்கை கொடுத்தார்கள். ஏழு தொகுதிகளையும் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, யாரும் படிக்கலாம்.

கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு அன்றைக்குக் காட்டப்பட்ட பெரிய ஆதாரம் மனநோய்க் காப்பகங்களின் பதிவேடு. 1892இல் பிரிட்டிஷ் இந்தியக் காப்பகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்கு நேரே, ‘காரணம்’ என்ற கட்டத்தில் கஞ்சா வகைகள் என்று எழுதியிருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். அரசாங்க முத்திரை போட்ட எண், இதற்கு மேல் என்ன வேண்டும்?

குழு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 222 பேரையும் தனித்தனியாக எடுத்து, காப்பகத்திலும் சொந்த ஊரிலும் மறுபடி விசாரித்தது. கடைசியில் நின்றது 98 பேர். அதிலும் 37 பேருக்குக் கஞ்சாவோடு வேறு காரணமும் சேர்ந்திருந்தது. கஞ்சா மட்டுமே என்று சொல்லத்தக்கவர்கள் 61 பேர்தான்.

மீதி 124 பேருக்கு யார் அப்படி எழுதியது? பெரும்பாலும் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த போலீஸ்காரர். ஊர் பேர் தெரியாமல் தெருவில் திரிந்தவனைக் கூட்டி வருகிறார்கள். கூடவே ஒரு தாள். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். எதையாவது எழுதியாக வேண்டும். கஞ்சா குடிப்பவன் என்று யாரோ சொல்லியிருந்தால் போதும், அதுவே காரணம் ஆகிவிடும். காப்பக அதிகாரி அதைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவேடு ஆண்டறிக்கையாகும். ஆண்டறிக்கையைப் படித்த டாக்டர்களும் அதிகாரிகளும் கஞ்சாதான் காரணம் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட அடுத்த போலீஸ்காரர் அடுத்த ஆளுக்கும் கஞ்சா என்று எழுதுவார். வட்டம் முடிந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன் ஞாபகம் வந்தது. காலேஜில் படிக்கும்போதே மனம் பேதலித்துவிட்டது. ஊரே ‘கஞ்சா கேஸ்’ என்றது. அவன் பீடிகூட குடித்ததில்லை என்று அவன் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள், யாரும் கேட்கவில்லை. அவனை டாக்டரிடம் கூட்டிப்போகவே ரொம்ப நாளானது. கட்டத்தில் ஒரு சொல்லைத் தப்பாக நிரப்பினால் அதன் பிறகு யாரும் வேறு காரணம் தேடுவதில்லை.

“அப்போ குழு சொன்னதுதான் சரி, இல்லையா மாமா?” என்று கேட்டாள். அதையும் அப்படியே எடுக்க முடியாது.

மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடு இல்லை என்று குழு முடிவு சொன்னது. கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இதை மேற்கோள் காட்டுவார்கள். அளவு மீறினால் கேடு என்றும் அதே அறிக்கை சொல்கிறது, அதை விட்டுவிடுவார்கள். கஞ்சா வரி அரசுக்கு வருமானம். குழுவின் பரிந்துரையும் முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பதுதான். அதனால் முடிவு பொய் என்று ஆகிவிடாது, ஆனால் கேட்டவர் யார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடம்பையும் மூளையையும் கஞ்சா என்ன செய்யும் என்பது அந்தக் குழுவின் கேள்வியே இல்லை. கேட்காத கேள்விக்கு அதில் பதில் தேடக்கூடாது.

அவள் வரைவில் இன்னொரு பிழையும் இருந்தது. 1892ஆம் ஆண்டுக் கணக்கை ‘நம் மாவட்டம் உட்பட’ என்று எழுதியிருந்தாள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் 1956 நவம்பர் 1 வரை நாம் இருந்த பக்கம் வேறு. அன்றைக்கு நாம் திருவிதாங்கூர் பிரஜைகள். பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கில் நாஞ்சில் நாட்டான் ஒருத்தனும் வரமாட்டான். நமக்கான காப்பகம் திருவனந்தபுரத்தில் ஊளம்பாறையில், 1870இல் வந்தது. பழைய நாஞ்சில் நாட்டைத் தேடுகிறவர்கள் சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

சரி, இன்றைய எண்கள்? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 2.8 சதவீதம், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருளைப் பயன்படுத்தியவர்கள். இவள் ‘3.1 கோடி கஞ்சா அடிமைகள்’ என்று எழுதி வைத்திருந்தாள். அதில் வடக்கே ஹோலிக்குக் குடிக்கிற பாங்கும் சேர்த்தி. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தனி இலையைக் கஞ்சாவாகக் கணக்கிடுவதில்லை. கஞ்சா, சரஸ் மட்டும் என்றால் 1.3 கோடி. ஓராண்டில் ஒருமுறை தொட்டவரும் இந்தக் கணக்கில் உண்டு, அவர் அடிமை ஆகமாட்டார். அவள் கட்டுரைக்கு வேண்டிய எண் வேறு: 10–17 வயதில் 0.9 சதவீதம், சுமார் 20 லட்சம். வீடு வீடாகப் போய்க் கேட்ட ஆய்வு அது. அம்மா அடுக்களையில் நிற்கும்போது பதினைந்து வயதுப் பையன் எவ்வளவு உண்மை சொல்வான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பத்திரிகைச் செய்திகளில் இருந்தது போலீஸ் வழக்குகளின் எண்ணிக்கை. வழக்கு கூடினால் பழக்கம் கூடியிருக்கலாம், சோதனையும் கூடியிருக்கலாம். எது என்று அந்த எண் சொல்லாது.

அப்படியானால் பைத்தியம் பற்றிய பேச்சு முழுக்கக் கட்டுக்கதையா? இல்லை. 1987இல் ‘லான்செட்’ இதழில் ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களிடம் பழக்கத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டு, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களுக்கு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் வந்திருந்தது. இதுதான் காரணமா, வேறு காரணமும் உண்டா என்ற விவாதம் அதன் பிறகும் நடந்தது. ஆனாலும் நோய் வந்த பிறகு காரணம் தேடிய போலீஸ்காரரின் தாளும் இதுவும் ஒன்றல்ல. இங்கே கட்டத்தை நிரப்பிய நாளில் யாருக்கு நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் நோட்டில் அட்டவணை ஒன்று போட்டிருந்தாள். ஆதாரம், ஆண்டு, எண் என்று மூன்று பத்திகள் முன்பே இருந்தன. நாலாவதாக ஒரு பத்திக்குக் கோடு கிழித்து, மேலே ‘நிரப்பியது யார்’ என்று எழுதினாள்.

“இந்த பத்தியில பாதி காலியாக் கெடக்கே மாமா. சார் மார்க் குறைப்பாரே?”

“காலியாவே கெடக்கட்டும் மக்கா. தெரியாததைத் தெரியாதுண்ணு எழுது” என்றேன்.