மொறீசியஸ் தீவின் கடைசிக் கிளி

சாகாமத்து வயல்களில் பச்சைக்கிளியை அருமையான பறவை என்று எவரும் எண்ணுவதில்லை. நெல் முற்றும் பருவத்தில் கூட்டமாக வந்திறங்கும் கிளிகளைத் தகரம் தட்டி விரட்டுவதே வழக்கம். ஆனால், இதே கிளியின் நெருங்கிய உறவினம் ஒன்று இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே, மொறீசியஸ் தீவில், அழிவின் விளிம்புவரை சென்று மீண்டிருக்கிறது. அதன் பெயர் எக்கோ கிளி.

அந்தத் தீவுகளில் கிளிகள் ஒருகாலத்தில் அரியவையாக இருக்கவில்லை. 1691இல் றொட்றிகஸ் தீவில் குடியேறிய பிரெஞ்சுக்காரரான லெகா, அங்கே கிளிகள் ஏராளம் என்றும் குஞ்சுகளின் இறைச்சி புறாக்குஞ்சுக்கு நிகரானது என்றும் எழுதினார். 1875இற்குப் பின் அவ்வினத்தில் ஒரு பறவைகூடக் கிடைக்கவில்லை. சீஷெல்ஸ் தீவுகளின் கிளியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. இம்மூன்றில் எஞ்சியது மொறீசியஸ் கிளி மட்டுமே.

மொறீசியஸில் ஒல்லாந்தர் 1598இல் கால்வைத்தனர். 1715இல் பிரான்சியரும் 1810இல் பிரித்தானியரும் அதைக் கைப்பற்றினர். கரும்புக்காகக் காடுகள் வீழ்ந்தன. 1834 முதல் தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். கிளி வீடிழந்த வரலாறும் நம்மவர் வியர்வை சிந்திய வரலாறும் ஒரே கரும்புத் தோட்டத்தில்தான் சந்திக்கின்றன. இன்று நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

காடு போனதும் கூடுகட்டப் பொந்துள்ள முதிய மரங்களும் போயின. கப்பல்களில் வந்த எலியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு புகுத்தப்பட்ட நமது பச்சைக்கிளி, எஞ்சிய பொந்துகளுக்கும் போட்டியிட்டது. 1986 அளவில் உயிருடன் இருந்த எக்கோ கிளிகள் ஏறத்தாழப் பத்து மட்டுமே.

1979இல் அங்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும், மொறீசியஸ் வனவிலங்கு நிறுவனத்தாரும், அரசின் பூங்காத் துறையினரும் மேற்கொண்ட பணி பொறுமையானது. மரப்பெட்டிக் கூடுகளை அமைத்தனர், மேலதிக உணவு வைத்தனர், எலிகளைக் கட்டுப்படுத்தினர், காட்டில் பிழைக்க வாய்ப்பற்ற குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுவித்தனர். 2005இல் பரவிய அலகு, இறகு நோயையும் அவ்வினம் தாண்டியது. மிக மோசமான ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து 2007இல் ஒரு படியும், 2019இல் மற்றொரு படியும் இறங்கியது. அப்போது எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியிருந்தது.

இலங்கைக்கே உரிய கிளியினங்கள் இரண்டு உள்ளன. அவையும் பொந்துள்ள மரங்களையே நம்பி வாழ்கின்றன. இன்று அவற்றுக்குப் பேராபத்து இல்லை என்பது ஆறுதலே. எனினும் லெகா கண்ட கிளிகளும் ஏராளமாகவே இருந்தன. பத்துக் கிளிகளை எழுநூறாக்க முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு தேவைப்பட்டது. பொந்துள்ள ஒரு முதுமரத்தை வெட்டாமல் விடுவதற்கு அத்தனை உழைப்பு வேண்டியதில்லை.