சிறு நிறுவனப் பங்குகளில் ஐயத்துக்கு உரிய இடம்

சிறு நிறுவனப் பங்குகளைப் பற்றித் தனி முதலீட்டாளர்கள் தமக்குள் நடத்தும் விவாதங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே உரைகல்லைத்தான் கையில் எடுக்கிறார்கள்: அங்கே சொல்லப்பட்டது பின்னர் பலித்ததா? பலித்திருந்தால் கூட்டறிவு என்று மெச்சுகிறார்கள். பொய்த்திருந்தால் வதந்தி என்று ஒதுக்குகிறார்கள். இந்த உரைகல் இவ்வகைப் பங்குகளுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரிய நிறுவனம் ஒன்றின் பங்கு விலை மிகையானது என்று கருதுபவர், அக்கருத்தை விற்பனையாக மாற்றி விலையில் பதியச் செய்ய முடியும். சிறு நிறுவனப் பங்கில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. அவர் கையில் மிஞ்சுவது சொல் ஒன்றுதான். எனவே அங்கே நடக்கும் விவாதத்தை மதிப்பிட, மறுப்பவரின் சொல் அதில் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எட்வர்ட் மில்லர் 1977இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை தருகிறது. ஒரு பங்கின் மதிப்பு குறித்துக் கருத்து வேறுபாடு மிகுந்து, கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்கத் தடையும் இருந்தால், விலையைத் தீர்மானிப்பவர்கள் நம்பிக்கை மிகுந்தவர்களே என்றார் அவர். ஐயமுள்ளவர்கள் வாங்காமல் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கியவர்களின் கருத்து விலையில் பதிவாவதில்லை. இந்தியச் சந்தை இதற்கு அப்படியே பொருந்துகிறது. மும்பை பங்குச் சந்தையில் 5,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டிருக்க, ஃபியூச்சர்ஸ் வணிகம் ஏறத்தாழ 200 பங்குகளில்தான் நடக்கிறது. பங்கைக் கடன் வாங்கி விற்கும் ஏற்பாடு 2008 முதல் இருந்தாலும் சிறு நிறுவனங்களை அது எட்டவில்லை. கண்காணிப்புக்காக ‘டிரேட் டு டிரேட்’ பிரிவுக்கு மாற்றப்பட்ட பங்குகளில், அன்றே விற்று அன்றே வாங்கவும் இடமில்லை. பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்கலாமே என்றால், அதுவும் எளிதன்று. 2024 மார்ச்சில் ஸ்மால்கேப் ஃபண்டுகள் அழுத்தச் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது, கையிருப்பில் பாதியை விற்க 60 நாள் ஆகும் என்று பெரிய ஃபண்ட் ஒன்றே தெரிவித்தது.

பேச்சில் ஐயம் தானாக நிலைபெற்றுவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆண்ட்வைலரும் ஃபிராங்கும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 45 நிறுவனங்கள் பற்றி முதலீட்டாளர்கள் எழுதிய 15 லட்சம் குறிப்புகளை அலசியது. விலை எவ்வளவு ஆடும் என்பதை அவை முன்னுணர்த்தின. எந்தப் பக்கம் போகும் என்பது பற்றி அவை தந்த தகவலின் பொருளாதாரப் பயன் மிகச் சிறிது. குக்சன், எங்கல்பெர்க், மல்லின்ஸ் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: ஏற்றத்தைப் பேசுபவரைப் பின்தொடரும் வாய்ப்பு, அதே பங்கு இறங்கும் என்று கருதுவோரைவிட ஏறும் என்று நம்புவோரிடம் ஐந்து மடங்கு அதிகம். பணம் போட்டவர் தம் முடிவுக்குத் துணை தேடுகிறார். இதன் விளைவை சாத்னா பிராட்காஸ்ட் வழக்கில் காணலாம். 2022 ஜூலையில் இந்தச் சிறு நிறுவனத்தைப் பற்றிப் பொய்த் தகவல்கள் கொண்ட காணொளிகள் பரப்பப்பட்டன. பெரிய குழுமம் ஒன்று அதை வாங்கப்போகிறது என்பது அவற்றுள் ஒன்று. 2023 மார்ச்சில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவின்படி, சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,000 சொச்சத்திலிருந்து 55,000ஐத் தாண்டியது. உயர்ந்த விலையில் விற்றவர்களில் புரமோட்டர் தரப்பினரும் இருந்தனர். அப்படி ஒரு பேரம் நடந்திருந்தால் நிறுவனம் பங்குச் சந்தைக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்பு எங்கே என்ற ஒற்றைக் கேள்வி, வாங்க வந்தவர்கள் கண்ணில் படும் இடத்தில் நின்றிருந்தால் அவர்களில் பலர் தப்பியிருப்பார்கள்.

ஐயம் என்று இங்கே குறிப்பது, ஆவணத்தைக் கொண்டு சரிபார்க்கத்தக்க கேள்வியை. நூற்பாலைப் பங்குகள் இதற்கு நல்ல சான்று. கோவை, ராஜபாளையம் வட்டாரத்தில் பட்டியலிடப்பட்ட சிறு ஆலைகள் பல உண்டு. 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பருத்தி 2021 தொடக்கத்தில் 45,000 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைக் கடந்தது. வரத்துக் காலத்தில் மலிவாக வாங்கிக் குடோனில் வைத்த பஞ்சு, ஏறிய விலையில் நூலாக விற்றதால் 2021–22ஆம் நிதியாண்டில் ஆலைகளின் லாபம் பெருகியது. அந்த லாபத்தைக் கொண்டு கணக்கிட்டால் பி.இ. விகிதம் மிகக் குறைவு. பங்கு மலிவு என்ற வாதம் அசைக்க முடியாததாகத் தோன்றும். பஞ்சு வணிகம் அறிந்தவர் வேறு விதமாகக் கேட்பார்: இந்த லாபத்தில் நூற்றதால் வந்தது எவ்வளவு, இருப்பின் விலை ஏறியதால் வந்தது எவ்வளவு? இப்போது குடோனில் இருப்பது எந்த விலைக்கு வாங்கிய பஞ்சு? ஆண்டறிக்கையின் சரக்கிருப்புக் குறிப்பும் மூலப்பொருள் செலவும் இதற்குப் பெருமளவு விடை தரும். 2022–23இல் பருத்தி விலை சரிந்தபோது நூற்பாலைத் துறையின் லாபம் சுருங்கியது. அக்கேள்வியை எழுப்பியவர் சரிவின் தேதியைச் சொல்லியிருக்க மாட்டார். பலித்ததா என்று பார்க்கும் உரைகல்லில் அவருக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அதைக் கேட்டு யோசித்தவர், தாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கியிருப்பார். இதைவிடப் பெரிய பயனை இத்தகைய விவாதத்திடம் எதிர்பார்ப்பது தவறு என்றே கருதுகிறேன்.

இப்பணி தணிக்கையாளர்களுக்கும் தொழில்முறை ஆய்வாளர்களுக்கும் உரியது என்று சிலர் மறுக்கலாம். தணிக்கையாளர் கணக்கைப் பார்ப்பவர். பங்கின் விலை தகுமா என்பது அவர் பொறுப்பன்று. புரோக்கரேஜ் நிறுவனங்களின் ஆய்வு, பெரிய நிதியங்கள் வாங்கும் பங்குகளைச் சுற்றியே நடக்கிறது. இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு: ஐயமும் ஆயுதமாகலாம், மலிவாக வாங்க விரும்புபவர் அவதூறு கிளப்பலாம். உண்மைதான். ஆனால் ஆபத்து இரு புறமும் சமமாக இல்லை. விலையை ஏற்றிவிடுபவர் தம்மிடம் உள்ள பங்கையெல்லாம் ஓடி வரும் கூட்டத்திடம் உடனே விற்றுவிடலாம். விலையை இறக்குபவர் முதலில் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி, விலை மீளும்வரை காத்திருக்க வேண்டும். சட்டத்தின் சுமையும் ஒரு பக்கமே சாய்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. புரமோட்டரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தாலே தனி முதலீட்டாளர் மௌனமாகிவிடுவார். மிகைப்படுத்திப் புகழ்ந்தவருக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வருவதில்லை.

ஒழுங்குமுறையால் இந்தச் சாய்வை நேராக்க முடியும்; ஆனால் தற்போதைய விதி எதிர்த்திசையில் நிற்கிறது. ஊடகங்களில் பரவும் வதந்தியை உறுதி செய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற கட்டாயம், 2024 டிசம்பர் முதல் சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களுக்கு உண்டு. செபியின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி 251ஆம் இடத்திலிருந்துதான் சிறு நிறுவனம் தொடங்குகிறது. அதாவது, வதந்தி அதிகம் தீங்கு செய்யும் இடத்தில் விதி நின்றுவிடுகிறது. சிறு நிறுவனங்களுக்கு இது பெரும் செலவு என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. பொதுமக்களின் பணத்தைத் திரட்டிய நிறுவனம் ஒரு பக்கத்தில் விடை எழுதுவது சுமையாகாது. அந்தக் கட்டாயத்தைச் சிறு நிறுவனங்களுக்கும் நீட்டி, தம் ஆண்டறிக்கையின் பக்கத்தைச் சுட்டி எழுப்பப்படும் கேள்விக்கும் பங்குச் சந்தை வழியாக எழுத்தில் விடை தர வேண்டும் என்று சேர்க்க வேண்டும். விவாதிப்போர் தாம் அந்தப் பங்கை வைத்திருக்கிறோமா என்பதையும், விற்றபின் விற்றுவிட்டோம் என்பதையும் சொல்லும் வழக்கத்தை அவர்களே தொடங்கலாம். அதற்குச் சட்டம் வரக் காத்திருக்கத் தேவையில்லை.