மலையில் பிறக்காத ஆறுகள்: மேற்குச் சென்னையின் நீர்வழிகள் குறித்து

மலையில் தோன்றிச் சமவெளியில் பாய்ந்து கடலில் கலப்பது ஆறு என்பது பள்ளிப்பாட வரையறை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நீர்வழிகள் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. கொசஸ்தலையாற்றுக்கு நகரி மலைப்பக்கத்துத் துணையாறுகளேனும் உண்டு. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் அதுவும் இல்லை. இவ்விரண்டும் ஏரிகளின் உபரிநீரால் உருவானவை. ஆகவே இங்கு ஏரியைக் காப்பதே ஆற்றைக் காப்பது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு ஒரு காலத்தில் இன்றைய கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடிப் பின்னர் தெற்கே விலகியது என்பது நிலவியலாளர் பலர் ஏற்கும் கருத்து. அந்தப் பழைய ஆறு விட்டுச்சென்ற மணற்படுகைகளே பூண்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீர்வளத்துக்கு அடிப்படை.

இயற்கை துண்டித்த தொடர்பை மனிதர் மீண்டும் இணைத்தனர். பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வருகிறது. அதன் உபரி கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் அந்நீரின் ஒரு பகுதி கூவத்துக்குப் பிரிகிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்து நீர் புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திரும்புகிறது. அவ்வேரியின் உபரி அடையாற்றுக்குப் போகிறது. வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும் மூன்று ஆறுகள், நீரின் கணக்கில் ஒரே வலையின் இழைகள்.

இந்த வலையின் நடுவே புறநகர் அமைந்திருக்கிறது. அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், இரட்டை ஏரி என ஒன்றன் கலங்கல் அடுத்ததன் வரத்தாகும் ஏரிச்சங்கிலி வடகிழக்கே இறங்குகிறது. பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்தை நோக்கிச் செல்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் நிலத்தில், வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து நீரைப் பல மாதங்களுக்குப் பங்கிட்டுத் தந்தவை இந்த ஏரிகளே. மலைக்காடு செய்யவேண்டிய வேலையை இங்கு ஏரி செய்தது.

அந்த அமைப்பு இருமுனையில் சிதைந்தது. முதலாவது, நகரின் தாகம். 1872இல் தொடங்கிய குடிநீர்த் திட்டம் தாமரைப்பாக்கத்திலிருந்து கொசஸ்தலை நீரைச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. கடலுக்குப் போகுமுன்பே ஆற்றை நகரம் குடித்துவிடுகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரும் அளவுமீறி உறிஞ்சப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தது. இரண்டாவது, நகரின் பரப்பு. ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960களில் குடியிருப்புகளை ஈர்த்தன. ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்று ஒரு வீட்டுவசதித் திட்டமே பெயர் தாங்கி நிற்கிறது. வரத்துக்கால்வாய்கள் சாக்கடைகளாயின; கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் கலந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

கழிவுநீரைச் சுத்திகரித்தாலே கூவம் மீளும் என்போர் உண்டு. சுத்திகரிப்பு இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் அதன் தென்புறத்தில் குவிந்து கூவத்தின் முகத்துவாரத்தை அடைக்கிறது. இங்கு ஓத ஏற்றமும் குறைவு. மேலிருந்து நன்னீர் வேகமாக வந்தால்தான் மணல்திட்டு உடையும். அந்நீரைச் சேமித்து அனுப்பும் ஏரிகள் இல்லையேல், தூய்மையான கூவமும் தேங்கியே கிடக்கும். மறுபுறம், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது அடையாற்றுக் கரைகள் மூழ்கின. வறட்சியும் வெள்ளமும் இங்கு தேக்கும் இடமின்மையின் இரு விளைவுகள்.

எனவே ஆற்றுச் சீரமைப்பின் எல்லை கரையோடு நிற்கக்கூடாது. ஏரி, கலங்கல், வரத்துக்கால்வாய் ஆகியவற்றையும் ஆற்றின் உறுப்புகளாகவே சட்டமும் வரைபடமும் ஏற்க வேண்டும். அம்பத்தூரில் அடைபடும் ஒரு கால்வாய், ஆற்றில் விழும் அடைப்பே.