கேமரா வாங்கக் காசு இல்லையா? கையில் இருக்கும் ஃபோனிலேயே தொடங்கலாம்

தீபாவளி காலை. பாட்டி புதுச்சேலை கட்டி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஃபோனை எடுத்து ஒரு படம் எடுக்கிறீர்கள். கண்ணுக்குக் கீழே கருநிழல், முகம் மஞ்சள், பின்னால் துணி காயும் கம்பு.

"ச்சே, நல்ல கேமரா இருந்தா எப்படி இருக்கும்!"

அந்த நினைப்போடு இணையத்தில் விலை பார்க்கிறீர்கள். ஆயிரம் வெள்ளிக்குமேல். சரி, வேலைக்குப் போனதும் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படத்தில் குறை கேமராவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அதே விளக்குக்குக் கீழே, அதே இடத்தில், விலை உயர்ந்த கேமராவை வைத்து எடுத்தாலும் கண்ணுக்குக் கீழே அதே நிழல்தான் விழும்.

செலவே இல்லாமல் என்ன செய்யலாம், பத்து வெள்ளிக்குள் என்ன வாங்கலாம், எப்போது கேமரா வாங்குவது நியாயம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு செலவில்லாமல் முதலில் என்ன செய்யலாம்?

லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீங்க, இதுதான் முதல் பாடம். ஃபோன் நாள் முழுக்க கையிலும் பையிலும் இருக்கிறது. லென்ஸில் விரல் எண்ணெய் படிந்தால் படம் மங்கும், விளக்குகளைச் சுற்றி வெளிச்சம் இழுபடும். மென்மையான, சுத்தமான பருத்தித் துணி போதும்.

அடுத்து, வீட்டு விளக்கை அணையுங்கள். கூரை விளக்கு மேலிருந்து அடிப்பதால்தான் கண்குழியில் நிழல் விழுகிறது. பாட்டியை சன்னல் பக்கம் உட்கார வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் படட்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் கறுத்துவிடும். வெயில் நேராக அடித்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது திரையில் முகத்தின்மீது விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் குவியமும் வெளிச்ச அளவும் அங்கேயே நின்றுவிடும். பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கொஞ்சம் குறைத்து எடுப்பது பெரும்பாலும் நல்லது. இருட்டான பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன பகுதியை மீட்க முடியாது.

திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். பல ஃபோன்களில் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான். இரண்டு அடி முன்னால் நடந்து போங்கள்.

சிங்கப்பூரில் எந்த நேரத்தில் எடுத்தால் நல்லது?

இங்கே வருடம் முழுக்க சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதிக்கிறது, மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. உச்சி வெயில் நண்பகல் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. அந்த நேரத்தில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்குமேல் நிற்பதால் வெளியே எடுக்கும் முகங்களில், வீட்டுக் கூரை விளக்கின்கீழ் வந்த அதே நிழல்தான் வரும்.

அப்போது வெளியே இருந்தால் நிழலுக்குப் போங்கள். அதற்கு நம் ஊரில் ஓர் அருமையான இலவச ஸ்டூடியோ இருக்கிறது: புளோக்கின் கீழ்த்தளம், அதான் நம்ம வாய்ட் டெக். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. உள்ளே நிழல் தொடங்கும் விளிம்பில் ஆளை வெளிப்பக்கம் பார்த்து நிற்க வையுங்கள். முகத்தில் மென்மையான வெளிச்சம் பரவும். மழை பெய்தாலும் கவலை இல்லை.

சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும் நேரம் இங்கே சுமார் 20 நிமிடந்தான். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி ஒளியூட்டைப் படம் எடுக்கப் போகிறீர்களா? சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குப் போனால் வானம் கறுப்பாகவும் விளக்குகள் வெள்ளைத் திட்டாகவும் வரும். சீக்கிரம் போய்க் காத்திருங்கள். விளக்குகள் எரியத் தொடங்கி, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தச் சில நிமிடங்களை விட்டுவிடாதீர்கள்.

பத்து வெள்ளிக்குள் என்னென்ன வாங்கலாம்?

வெள்ளை அட்டை: எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளை அட்டை ஒன்று. சன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் படும்போது, மறுபக்கம் இந்த அட்டையைப் பிடித்தால் நிழல் மென்மையாகும். ஸ்டூடியோவில் இதே வேலையைத்தான் விலை கூடிய பிரதிபலிப்பான் செய்கிறது.

ஃபோன் பிடிப்பான்: சின்னதாக, மேசையில் நிற்கும் ஒன்று. அதுவும் வேண்டாமென்றால் மைலோ டின்மேல் ஃபோனைச் சாய்த்து, டைமரை 3 விநாடிக்கு வையுங்கள். கை நடுக்கம் போய்விடும். இரவுப் படங்களுக்கு இது பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

படத்தைச் சரிசெய்ய ஸ்னாப்சீட் செயலி போதும், அது இலவசம். கணினியில் என்றால் டார்க்டேபிள், கிம்ப் ஆகியவையும் இலவசம். முதலில் மூன்று வேலை மட்டும் பழகுங்கள்: சாய்ந்த படத்தை நேராக்குவது, வேண்டாத ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைச் சமன் செய்வது. ஃபில்டர் எல்லாம் அப்புறம்.

எப்போது கேமரா வாங்கலாம்?

ஃபோனால் முடியாத ஒன்று உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும்போது. மேடையில் ஆடும் தங்கையைத் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும், பறவைகளை எடுக்க வேண்டும், ஓடும் பிள்ளைகளை மங்கிய வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். இப்படி ஒரு காரணத்தை உங்களால் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். "எல்லாரும் வச்சிருக்காங்க" என்பது காரணம் ஆகாது.

பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் இப்போது முன்பைவிட மலிவு. கேனன், நிக்கான் நிறுவனங்கள் மிரர்லெஸ் வகைக்கு மாறியதால் பலர் பழையதை விற்கிறார்கள். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பயன்படுத்திய கேமரா விற்கும் கடைகள் உண்டு. கரௌசெலிலும் தேடலாம். நேரில் பார்த்துச் சோதிக்காமல் மட்டும் பணம் அனுப்பாதீர்கள்.

கையில் கொஞ்சம் பணம்தான் என்றால் புதிய கேமராவைவிட நல்ல லென்ஸுக்குச் செலவிடுங்கள். கேமராவோடு வரும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸை 50க்குப் பக்கத்தில் வைத்தால் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6. தனியாக விற்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான கூடத்திலும் படம் ஆடாமல் வரும். ஆனால் சின்ன வீவக அறையில் 50 மில்லிமீட்டர் ரொம்ப நெருக்கமாகத் தெரியும், பின்னால் நகர இடம் இருக்காது. வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் 35 மில்லிமீட்டர் பாருங்கள்.

நிக்கான் வாங்குவோர் கவனத்துக்கு: பழைய 50 மில்லிமீட்டர் 'டி' வகை லென்ஸ், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் தானாகக் குவியாது. விலை மலிவு என்று வாங்கிவிட்டு அப்புறம் முழிக்காதீங்க.

பழைய லென்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

பூஞ்சை. நம் ஊரின் ஈரப்பதம் லென்ஸுக்கு எதிரி. அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை வளரும்.

சோதிப்பது சுலபம். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, ஃபோன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். இரண்டு தூசி தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவான லென்ஸ் என்றால் சுத்தம் செய்யும் செலவே அதன் விலையைத் தாண்டலாம்.

வாங்கியபின் பாதுகாக்க, விலை கூடிய உலர்பெட்டி உடனே தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் போதும். மீட்டர் 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் காட்டட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். கேமராவை அது வந்த பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

எடுத்த படம் பத்திரமா?

ஃபோன் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? படங்கள் அதில் மட்டும் இருந்தால், எல்லாம் போச்சு.

கூகல் ஃபோட்டோஸ் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதுவும் உங்கள் மின்னஞ்சலுக்கும் சேர்த்து. ஆகவே மங்கியதையும் ஒன்றுபோல் இருப்பதையும் மாதம் ஒருமுறை அழியுங்கள். முக்கியமானவற்றைத் தனி ஹார்ட் டிஸ்கிலும் நகல் எடுத்து வையுங்கள்.

பிறகு, வருடத்துக்குப் பத்துப் படமாவது அச்சிடுங்கள். 4ஆர் அளவுப் படம் ஒன்றின் விலை ஒரு காப்பியைவிடக் குறைவு. தாத்தா பாட்டி பலர் ஃபோனில் பார்த்ததை மறுபடி தேடி எடுக்க மாட்டார்கள். கையில் கொடுத்தால் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள்

கோயிலிலும் கடையிலும் தெரியாத பிள்ளைகளை எடுக்கும்போதும் முதலில் அனுமதி கேளுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள். வீட்டில் பாட்டியிடமும் அப்படித்தான். "சிரிங்க" என்று சொன்னால் முகம் இறுகிவிடும். உறைப்புக் குழம்பு எப்படி வைப்பது என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கி, கை அசையும்போது எடுங்கள்.

இந்த வார இறுதியில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். லென்ஸைத் துடையுங்கள், கூரை விளக்கை அணையுங்கள், பாட்டியின் நாற்காலியை சன்னல் பக்கம் நகர்த்துங்கள். இருபது படம் எடுத்தால் அதில் ஒன்று நிச்சயம் தேறும். கேமரா அடுத்த வருடமும் கடையில் இருக்கும். பாட்டிக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அவர் படத்தை இப்போதே எடுத்துவிடுங்கள்.