காந்தமும் கைவலுவும்

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆய்வுகூடத்திற் தொடங்கி ஆய்வுகூடத்திலேயே முடித்துவிடுகின்றனர். ஒரு தத்துவம் கண்டறியப்பட்டபின் எந்த வீட்டு முற்றத்தில், எத்தகைய முடையில், எவர் கையால் அது வேலைசெய்தது என்பதை அவர்கள் வினவுவதில்லை. காந்தத்தைச் சுழற்றி மின் பெறும் கலையின் வரலாற்றிலே யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அது 1990ஆம் ஆண்டிலே தொடங்கியது.

அதற்கு முற்பட்ட கதையைச் சுருங்கக் கூறலாம். பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே வாய்த்து, புத்தகம் கட்டுந் தொழில் பயின்ற மைக்கேல் பரடே, 1831 ஒக்டோபர் 17ஆந் திகதி, கம்பிச் சுருளொன்றினுள்ளே காந்தச் சட்டமொன்றைச் சடுதியாகச் செலுத்தினார். சுருளோடு இணைந்த கல்வனோமானியின் முள் அசைந்தது. காந்தம் அசையாது கிடந்தபோது முள்ளும் அசையவில்லை. வெளியே இழுத்தபோது மறுபுறம் அசைந்தது. காந்தம் இருத்தல் போதாது, சுருளை ஊடறுக்கும் காந்தப்பாயம் மாறவேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. அடுத்த ஆண்டிலேயே பாரிசு நகரத்துக் கருவி வினைஞர் இப்போலித் பிக்சி என்பார், இலாடக் காந்தமொன்றைக் கைப்பிடியாற் சுழற்றி மின் பிறப்பிக்கும் பொறியை அமைத்தார். அதிற் பிறந்தது திசைமாறித் திசைமாறி ஓடும் ஆடலோட்டம். அக்காலத்தார் அதனைக் குறையென்றே கருதினர்; அம்பியரின் ஆலோசனைப்படி திசைமாற்றியொன்று பூட்டப்பட்டது. பழைய தொலைபேசிகளிலே கைப்பிடியைச் சுழற்றி மறுமுனை மணியை ஒலிப்பித்ததும் இவ்வகைப் பொறியே. துவிச்சக்கரவண்டியின் டைனமோவும் இக்குடும்பத்தின் கடைக்குட்டியே.

1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிற்கு மின்விநியோகம் நின்றது. எரிபொருள், உலர்மின்கலம் முதலிய பல பொருள்களை எடுத்துச் செல்வதற்கு அரசு தடைவிதித்தது. மாணவர் ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, கம்பியாற் திரியைத் தாங்கவைத்த விளக்கின் முன்னிருந்து படித்தனர். வெளிச்சத்திற்கு இவ்வாறு வழிகண்டாயிற்று. செய்திக்கு வழி வேண்டியிருந்தது. எவ்வூரிற் குண்டு விழுந்தது, எப்பாதை திறந்தது, எவர் இறந்தனர் என்பவற்றை அறிய இலண்டன் பி.பி.சி. தமிழோசையையும் பிலிப்பைன்சிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியையும் மக்கள் நம்பியிருந்தனர். தீர்ந்த மின்கலங்களை வெயிலிற் காயவைத்துப் பார்த்தனர். அது சில நிமிடங்களுக்கே உதவிற்று.

அப்போதுதான் முற்றத்து வண்டியின்மேல் கண் விழுந்தது. வண்டியைக் கவிழ்த்தோ, தாங்கியில் நிறுத்தியோ, மிதியைக் கையாற் சுற்றினர். பின்சில்லு சுழல, அதனோடு உராய்ந்த டைனமோவின் தலையும் சுழன்றது. மிதி ஒருமுறை சுற்றினால் சில்லு ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சில்லு ஒருமுறை சுற்றினால் டைனமோவின் சிறு தலை ஏறத்தாழ முப்பது முறை சுற்றும். ஆகவே கையின் ஒரு சுற்று காந்தத்தின் எழுபத்தைந்து சுற்றாகின்றது. உள்ளிருப்பது எண்முனைக் காந்தமாயின், அவ்வொரு சுற்றிலே மின்னோட்டம் அறுநூறு முறை திசைமாறும். சுருள் அசையாது நிற்கக் காந்தம் சுழல்வதால் தேய்ந்துபோகும் தூரிகை எதுவும் இதில் இல்லை. பல ஆண்டு மழையிலும் புழுதியிலும் ஓடிய வண்டிகளின் டைனமோக்களும் பயன்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய டைனமோ தருவது ஆறு வோல்ற்று, மூன்று உவாற்று. நான்கு மின்கலங் கொண்ட வானொலிப் பெட்டிக்கு வேண்டியதும் ஆறு வோல்ற்றே. எனினும் பெட்டி நேரோட்டத்தையே ஏற்கும். பிக்சிக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு நூற்றறுபது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் நேர்ந்தது. பழுதடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளைக் கொண்டு ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தி, கொள்ளளவியொன்றினால் அதன் துடிப்பைத் தணித்தால் அவ்விடர் தீரும். வானொலி திருத்துவோர் கைவந்த வேலை அது. ஆயினும் கை தளர்ந்தால் குரலும் தளரும். செய்தி கேட்க இருவர் வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர் பெட்டியோடு காதை வைத்திருப்பார். சங்கிலியின் இரைச்சலில் சுற்றியவருக்கே செய்தி சரியாகக் கேளாது. பின்னர் பிறர் சொல்லவே அவர் அறிவார்.

சும்மா சுழற்றுகையில் இலகுவாயிருந்த மிதி, பெட்டியையோ மின்குமிழையோ இணைத்ததும் கனப்பதைச் சுற்றியவர் உணர்ந்திருப்பர். தூண்டப்பட்ட ஓட்டம் தன்னைப் பிறப்பித்த அசைவை எதிர்க்கும் என்று 1834இல் லென்சு கூறிய விதி அதுவே. பரீட்சைக்கென அவ்விதியை மனனஞ்செய்த மாணவனே மாலையில் மிதியைச் சுற்றியிருக்கவுங் கூடும். இரண்டும் ஒன்றென்று அவனுக்கு எவரேனும் சொன்னார்களோ என்பது வேறு கதை.

இதனைத் 'தமிழர் கண்டுபிடிப்பு' எனச் சிலர் மேடைகளிற் புகழ்வதுண்டு. அது மிகை. இரண்டாம் உலகப்போரிலே சேர்மானியர் வசமிருந்த ஒல்லாந்தில், மின்கலத் தட்டுப்பாட்டின் காரணமாக, உள்ளங்கையால் அழுத்தி எரிக்கும் டைனமோக் கைவிளக்கைப் பிலிப்சு நிறுவனம் செய்தது. 1990களிலே திரெவர் பெய்லிசு என்னும் ஆங்கிலேயர், சுருள்வில்லை முறுக்கி ஒலிக்கச்செய்யும் வானொலியை அமைத்தார். வில் ஒரே சீராக அவிழ்வதால் அங்கு குரல் தளர்வதில்லை. ஒல்லாந்தருக்குத் தொழிற்சாலை இருந்தது. பெய்லிசின் வானொலியைச் செய்யவும் தென்னாபிரிக்காவிலே தொழிற்சாலை எழுந்தது. குடாநாட்டிலோ முன்பே வீட்டில் நின்ற வண்டியும், பழுதான பெட்டியும், திருத்துபவர் ஒருவரின் கைத்திறனுமே இருந்தன. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

ஒல்லாந்தரின் கைவிளக்குகள் இன்று அருங்காட்சியகங்களிலே பெயரும் ஆண்டும் எழுதப்பட்டுக் காணப்படுகின்றன. திண்ணைகளில் இருவாயி பொருத்தியவர்களுள் மிகச் சிலரின் பெயரேனும் எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுட் பலர் இப்போது முதுமையெய்திவிட்டனர். எந்தப் பெட்டியில் எந்த உறுப்பைக் கழற்றி எங்கே பொருத்தினர் என்பதை இன்னும் நினைவிற் கொண்டிருப்போர் அவர்களே.