முட்டையின் சூடும் ஆண்பெண்ணும்

அகநானூற்றின் 160-ஆம் பாடலில் குமுழிஞாழலார் நப்பசலையார் ஒரு நெய்தற் காட்சியைத் தருகிறார். அடும்புக்கொடி படர்ந்த மணல்மேட்டில் சூல்கொண்ட ஆமை முட்டையிட்டு மறைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கிறது. பாடம் சொல்லும்போது, "ஆண் ஆமை காக்குமா ஐயா?" என்று மாணவர் கேட்பதுண்டு. காக்காது. தாயும் முட்டையிட்டதும் கடலுக்குத் திரும்பிவிடும். பின்னர் அம்முட்டைகளுக்குத் துணை மணலின் சூடு ஒன்றே. அச்சூடு குஞ்சைப் பொரிப்பதோடு நில்லாமல், அது ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது.

மனிதரில் கருவுறும்போதே குரோமோசோம்கள் பாலை முடிவு செய்துவிடுகின்றன. முதலைகளுக்கும் கடலாமைகளுக்கும் பல்லியினங்கள் சிலவற்றுக்கும் அவ்வாறில்லை. 1966-இல் மதலேன் ஷார்னியே என்னும் ஆய்வாளர், செனகல் நாட்டின் தாக்கர் நகரில் அகாமா என்ற பல்லியின் முட்டைகளைக் கொண்டு இதனை முதன்முதலாக எழுதினார். அகாமா நம் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. மல்லாங்கிணற்றுக் கரிசலில் வேலிதோறும் தலையாட்டும் ஓணானிலும், சூடு ஏற ஏறப் பெண், ஆண், பெண், ஆண் என மாறிவரும் ஒழுங்கு இருக்கலாம் என 2012-இல் வெளியான இந்திய ஆய்வொன்று கூறுகிறது.

தமிழகத்தில் இவ்வரலாற்றின் முக்கியமான களம், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை. அருகிவந்த முதலைகளைப் பெருக்க 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் தொடங்கியது அது. அங்கு ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் நன்னீர் முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பொரிக்கவைத்து, 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி வரை அனைத்தும் பெண், 32.5 டிகிரியில் அனைத்தும் ஆண்; 33-இல் மீண்டும் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றரை டிகிரி வேறுபாட்டில் ஒரு தலைமுறையே மாறிவிடுகிறது. இதே பண்ணையில்தான், ஆண் முதலையும் குஞ்சுகளைப் பேணுவதை 1986-இல் இவர்கள் பதிவு செய்தனர். நப்பசலையார் ஆமையிடம் கண்ட தந்தைமை முதலையிடம் மெய்யாயிற்று!

சூடு எவ்வாறு மரபணுவிடம் பேசுகிறது? சிவப்புக்காது ஆமையில் இதற்கு விடை கிடைத்தது. அதன் முட்டை 26 டிகிரியில் ஆணும் 32 டிகிரியில் பெண்ணும் தரும். குளிர்ந்த முட்டையில் கேடிஎம்6பி என்னும் மரபணு ஊக்கம் பெற்று, டிஎம்ஆர்டி1 என்ற ஆண்மை மரபணுவின் மேலிருக்கும் வேதிப்பூட்டை அகற்றுகிறது, விரை உருவாகிறது. கேடிஎம்6பியை அடக்கியபோது, 26 டிகிரியிலேயே பெரும்பாலான கருக்கள் பெண்ணாயின என 2018-இல் காட்டப்பட்டது. சூடேறினால் கால்சியம் உயிரணுவுக்குள் புக, ஸ்டாட்3 என்னும் புரதம் தூண்டப்பட்டுக் கேடிஎம்6பியை அடக்குகிறது என்பது 2020-இல் தெளிவாயிற்று. ஆக, மரபணு மாறுவதில்லை. எது திறக்கிறது, எது மூடுகிறது என்பதே மாறுகிறது.

இதனை அறியாமல் செய்யும் நன்மையும் தீமையாகலாம். கடலாமை முட்டைகளை எடுத்து நுரைப்பெட்டிகளில் வைத்துப் பொரிக்கும் வழக்கம், மணலினும் குளிர்ந்த சூழலால் ஆண்களையே மிகுவிக்கக்கூடும் என 1980-இலேயே மிரோசோவ்ஸ்கியும் இன்டெமாவும் எச்சரித்தனர். இன்றைய அச்சம் எதிர்த்திசையில். ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பவளத்திட்டுக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சையாமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என 2018-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆண் அற்றுப்போனால் இனம் எங்ஙனம் தழைக்கும்?

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பொன்று பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. நாயிடமிருந்தும் நரியிடமிருந்தும் காப்பது பாதிக் காவல்; மணலில் வெப்பமானியைப் புதைத்துப் பார்த்து, வேண்டியபோது நிழல்வலை கட்டுவது மறுபாதி. நப்பசலையார் ஆண் ஆமைக்குத் தந்த காவற்பணி இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.