ஏவல் வினையும் எல்லைக்கோடும்: வலையமைப்புக் கட்டளைமொழியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர்களின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. குளத்தூர், பாறசாலை முதலிய எல்லையோர ஊர்களில் அந்தக் கோடு பின்னாளில் தொலைபேசி எண்ணாகவும் வடிவெடுத்தது. பாறசாலைக்கு 0471, அடுத்துள்ள களியக்காவிளைக்கு 04651. நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவிலுள்ள இரண்டு ஊர்கள் தொலைபேசியில் வெளியூர்களாயின. எந்த எண் எத்தடத்தில் செல்லவேண்டும் என்பதை இணைப்பகத்தின் வழித்தட அட்டவணை தீர்மானித்தது. மின்னணு இணைப்பகங்களில் அந்த அட்டவணை முனையத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கட்டளைகளால் எழுதப்பட்டது. எல்லை அங்கே ஒரு தொடரியல் வாக்கியமாக மாறியது.

அக்கட்டளைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கணினியால் இயங்கும் இணைப்பகங்களை இயக்குவோருக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஆலோசனைக் குழு ‘மனித-இயந்திர மொழி’ ஒன்றை வகுத்தது. முதலில் கட்டளைச்சொல், பின்னர் முக்காற்புள்ளி, அதன்பின் அளபுருக்கள், இறுதியில் அரைப்புள்ளி என்பது அதன் அமைப்பு. இம்மொழி வெவ்வேறு தேசிய மொழிகளுக்கு ஏற்பத் தகவமைக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் இந்தியக் கிராமங்களுக்கென இணைப்பகங்களை வடிவமைத்தது. முதல் ஊரக இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. இணைப்பகம் இந்தியாவினுடையதாயிற்று, அதன் கட்டளைச்சொற்களோ ஆங்கில வினைகளின் சுருக்கங்களாகவே நின்றன.

கணினி வலையமைப்பின் கதை வேறொரு கிளையிலிருந்து வந்தது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் எர்நெட் தொடங்கியது. அதற்கு ஈராண்டுகள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தைச் சேர்ந்தவர்கள் சிஸ்கோவை நிறுவியிருந்தனர். அதன் ரூட்டர்களின் கட்டளை வரி, டெனெக்ஸில் முளைத்து டாப்ஸ்-20இல் வளர்ந்த மரபைப் பின்பற்றியது. வேறு சொல்லோடு மயங்காத அளவுக்கு முதலெழுத்துகளைத் தட்டினாலே போதும். வினாக்குறி இட்டால் அடுத்து வரத்தக்க சொற்களின் பட்டியல் தோன்றும். ‘கன்ஃபிகர் டெர்மினல்’ என்பது ‘கான்ஃப் டி’ எனச் சுருங்கி, பொறியாளர்களின் அன்றாடப் பேச்சில் ஒரு வினையாகவே கலந்துவிட்டது.

மொழியியல் நோக்கில் இங்கே ஒரு வினா எழுகிறது. கட்டளைமொழி ஆங்கிலமாகவே இருக்கவேண்டிய இலக்கணக் கட்டாயம் ஏதேனும் உண்டா? ஆங்கிலக் கட்டளையில் வினை முன்னே வரும், தமிழில் வினை இறுதியில் வரும், ஆகவே தமிழ் இதற்குப் பொருந்தாது என்பது எளிதில் தோன்றும் விடை. ரூட்டரின் நடைமுறை இவ்விடையை ஏற்கவில்லை. ஓர் இடைமுகத்தை மூட விரும்புபவர் முதலில் அதன் பெயரைக் கூறி அதனுள் நுழைகிறார். அடுத்த வரியில்தான் ‘ஷட்டவுன்’ என்கிறார். முதலில் பொருள், பின்னர் வினை: வரிகளைச் சேர்த்துப் படித்தால் அது தமிழின் வரிசை. ஏவலுக்கும் தமிழில் தனி விகுதி கட்டாயமில்லை. ‘நட’, ‘வா’ என வினைப்பகுதியே ஏவலாக நிற்பதை நன்னூல் எடுத்துக்காட்டுகிறது. இயந்திரத்துக்கு இதைவிடச் சிக்கனமான வடிவம் வேண்டியதில்லை.

எதிர்மறையில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. சிஸ்கோவில் எந்தக் கட்டளையையும் நீக்க அதன் முன்னே ‘நோ’ சேர்க்கவேண்டும். மூடப்பட்ட இடைமுகத்தைத் திறப்பதற்கெனத் தனி வினை இல்லை; ‘நோ ஷட்டவுன்’, அதாவது ‘மூடாதே’ என்று கூறியே திறக்கவேண்டும். தமிழ் எதிர்மறை வினையின் உள்ளே கலந்து ‘மூடாதே’ என இறுதியில் வெளிப்படும். இது கட்டளையைப் பகுத்தறியும் நிரலை எழுதுவோர் தீர்க்கவேண்டிய சிக்கல். தீர்க்கமுடியாத சிக்கல் அன்று.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்விளையாட்டு அன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பில், பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரே கட்டளை அதன் தரவு மையங்களுக்கிடையேயான இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய தணிக்கை நிரலிலும் பிழை இருந்தது. ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் வாட்ஸ்அப் உட்பட அதன் சேவைகள் முடங்கின. ஒரு ஏவல் வினையின் பொருளைச் சரியாக உணர்வதில் இத்தனை பேரின் தொடர்பு அடங்கியிருக்கிறது.

2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன், சுமார் 30,000 அரசு அலுவலகங்களையும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களையும் இணைக்கும் நோக்குடையது. எல்லையோர ஊர்களின் வீடுகளில் தமிழும் மலையாளமும் பேசப்படுகின்றன. அவ்வீடுகளின் பேச்சைச் சுமந்து செல்லும் கருவிகளோ அவ்விரண்டில் எதற்கும் செவிசாய்ப்பதில்லை. இணைய முகவரிகளையும் திரைப் பட்டியல்களையும் தமிழில் ஆக்கிய முயற்சிகள் பயன்படுத்துவோரின் மொழியை மாற்றின. ஏவுவோரின் மொழியை அவை தொடவில்லை. மனித-இயந்திர மொழியை வகுத்தோர் தேசிய மொழிகளுக்கெனத் திறந்துவைத்த கதவு இன்றும் மூடப்படவில்லை. அதனுள் நுழைவதற்குத் தடையாக இருப்பது தமிழின் தொடரியல் அன்று என்பதை மட்டும் மொழியியல் உறுதியாகக் கூறமுடியும்.